அரசனுக்கு என்ன வியாதி?

எலவனாசூர்கோட்டையில் என் தமக்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எகிப்தியச் சிற்பங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வைத்தியக் கல்லூரியில் படிக்கும் அவள் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் ஒரு படத்தின்மேல் விரலை வைத்தான்.

"மாமா, இந்த ஆளுக்கு உடம்பிலே ஏதோ கோளாறு இருக்கு. முகம் எவ்வளவு நீளம் பாருங்க! இடுப்பு பொம்பளை இடுப்பு. வயிறும் சரிஞ்சு கிடக்கு. சுரப்பியிலேதான் தகராறு."

அவன் விரல் வைத்தது அக்நாத்தன் என்ற அரசன்மேல். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சுமார் 17 வருஷம் எகிப்தை ஆண்டவன். பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டுச் சூரிய வட்டம் ஒன்றையே வணங்கியவன். பையனை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய டாக்டர்களே பல காலமாக அந்தச் சிலைகளுக்கு நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சுரப்பிக் கோளாறு என்றார் ஒருவர். கைகால் நீண்டுபோகும் மார்பன் என்ற பரம்பரை நோய் என்றார் மற்றொருவர். 2010இல் துட்டன்காமனின் குடும்பத்து மம்மிகளைச் சோதித்தவர்கள், அக்நாத்தனுடையது என்று தாங்கள் கருதிய உடம்பில் இப்படிப்பட்ட நோய்க்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். அந்த எலும்புகள் அவனுடையவைதாமா என்ற வாதம் அதன் பின்னும் ஓயவில்லை.

எலும்புகள் கிடக்கட்டும். சிற்பத்தைப் பார்த்தே சில விஷயங்களைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசனின் மனைவிக்கும் பெண்குழந்தைகளுக்கும் அதே நீண்ட தலை, அதே சரிந்த வயிறு, அதே பருத்த தொடை. ரத்த சம்பந்தம் இல்லாத உத்தியோகஸ்தர்களுக்கும் அந்தச் சாயல் வந்துவிடுகிறது. ராஜாங்கம் முழுவதற்கும் ஒரே பரம்பரை நோய் வருமா? உலகமே அழகி என்று ஒப்புக்கொண்ட நெபர்டிடியின் தலைச்சிலையும் இதே அரசன் காலத்ததுதான். அவன் தலைநகரத்துச் சிற்பி ஒருவனின் பட்டறையில் 1912இல் கிடைத்தது அது.

எகிப்தியச் சிற்பி கைபோன போக்கில் வேலை செய்தவன் அல்ல. செங்காவி தோய்த்த நூலால் சுவரில் கட்டம் அடித்துக்கொண்டு தொடங்குவான். நிற்கும் மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் மயிர் தொடங்கும் இடம்வரை 18 கட்டம். அக்நாத்தன் காலத்தில் அது 20 ஆயிற்று என்று கலை ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்கிறார்கள். கூடிய இரண்டும் கழுத்திலும் மேலுடம்பிலும் போய்ச் சேர்ந்தன. எந்த வியாதியும் கட்டம் போட்டுக்கொண்டு வருவதில்லை.

உள்ளபடி செதுக்கத் தெரியாததால் இப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அக்நாத்தனுக்கு ஆயிரம் வருஷம் முந்திய மரச்சிலை ஒன்றை மரியெத் என்ற பிரெஞ்சுக்காரர் 1860இல் சக்காராவில் தோண்டி எடுத்தார். தொந்தியும் தொப்பையுமாக இருந்த அதைக் கண்ட கூலியாட்கள், எங்கள் ஊர்த் தலைவர் அல்லவா இவர் என்று வியந்தார்களாம். செனெப் என்ற குள்ளரின் சிலையிலோ, அவருடைய குட்டைக் கால்களை மறைக்காமல் மடக்கி வைத்து, நீண்ட கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் குழந்தைகள் இருவரை நிறுத்தியிருக்கிறான் சிற்பி. அந்தக் கைகள் அரசனுக்கு இடுப்பை அகட்டின என்றால், தெரிந்தே அகட்டின.

ஏன் என்பதற்கு ஆராய்ச்சியாளர் பலர் சொல்லும் பதில் இது: சூரியன் உயிர்களுக்குத் தாயும் தந்தையும் ஆனவன், பூமியில் அவன் பிரதிநிதியான அரசனும் அப்படியே என்று காட்டவே ஆணும் பெண்ணும் கலந்த உடம்பு. இது முடிவான தீர்ப்பு அல்ல. ஆனாலும் நைல் வெள்ளத்துத் தேவனுக்குத் தாடியும் தொங்கும் முலைகளும் சேர்த்து வைத்த நாட்டில் இது நம்ப முடியாததும் அல்ல.

அன்று மாலை பையனை ஊர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

"சுவாமி பேர் என்னடா?"

"அர்த்தநாரீசுவரர், மாமா."

"பாதி ஆண், பாதி பெண். இவருக்கு எந்தச் சுரப்பியிலே தகராறு?"

சிரித்துவிட்டான். "இது வேறே மாமா. இது தத்துவம்."

நல்ல பதில்தான். குழந்தையிலிருந்து காதில் விழுந்த பாஷை. அதனால் வைத்திய நினைப்பே அவனுக்கு வரவில்லை. எகிப்தின் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆகவே அங்கே அரசன் நோயாளியாகிவிட்டான். நம் பாஷை தெரியாதவர்கள் நம் சிற்பங்களையும் இப்படித்தான் பார்த்தார்கள். 1910இல் லண்டனில் பேர்ட்வுட் என்ற அறிஞர் ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றை, வேகவைத்த கொழுப்புப் பணியாரத்துக்கு ஒப்பிட்டாரே!

ஆனால் யோசிக்க யோசிக்க, பையனின் இரண்டாவது பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை. தத்துவம் என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு விடலாம் அல்லவா? சிலையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

எலவனாசூர்கோட்டைக் கருவறையில் இருப்பது லிங்கம். அந்தப் பெயருக்கு உடம்பு எப்படி வந்தது என்று காண, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனியின் முன் போய் நிற்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலப்பக்கத்து ஆடை குட்டை. இடப்பக்கத்தது கணுக்காலை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் இடுப்பு அடங்கி நிற்க, மறுபக்கம் வளைந்து ஒதுங்குகிறது. இத்தனை வித்தியாசங்களை ஏற்றிய பிறகும் உடம்பு இரண்டாகப் பிளந்து விழவில்லை. ஒரே மூச்சில் நிற்கிறது. தத்துவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இந்த நிற்றல்தான் சிற்பியின் காரியம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. "உங்கள் கதையில் வரும் அந்த அத்தை நிஜமாக யார்?" என்று சில வாசகர்கள் எழுதுகிறார்கள். "அவள் தியாகத்தின் சின்னம்" என்று வேறு சிலர் பாராட்டுகிறார்கள். முதல்வர் நாடி பார்க்கிறார். இரண்டாமவர் கும்பிட்டுவிட்டு நகர்கிறார். இருவர் அன்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அத்தை வாசற்படியில் எப்படி உட்காருகிறாள் என்று கவனித்து எழுதும் மூன்றாமவருக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பும் அன்று பையன் பஸ் நிலையம்வரை வந்தான். அடுத்த தடவை சென்னைக்கு வரும்போது எழும்பூருக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னான்.

"போய், பத்து நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் நின்று பார்" என்றேன்.