சீட்டும் சுமையும்

டாரட் என்னும் படச்சீட்டுகள் இப்போது படித்த நம் இளைஞர் சிலருடைய மேசைகளுக்கும் வந்திருக்கின்றன. குறி கேட்பதற்கல்ல, தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதற்கு என்கிறார்கள். பள்ளி, மாலை வகுப்பு, வீட்டு வேலை, சங்கக் கூட்டம், உறவினர் கல்யாணம் என்று தாங்க மாட்டாத அளவுக்குத் தலையிற் போட்டுக்கொண்டவர், இரவில் ஒரு சீட்டை உருவி, "இவற்றுள் எதை இறக்கி வைப்பது?" என்று யோசிக்கிறாராம். மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் இதைத் தள்ளிவிடுவது நம்மவர்க்கு எளிது. ஆனால் அது விமர்சனம் ஆகாது.

78 சீட்டுகள் கொண்ட இக்கட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டாகத் தோன்றியது. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என எழுதினார். எகிப்தியரின் பட எழுத்தைப் படிக்கும் வழியோ 1822இல்தான் தெளிந்தது! இந்தக் கட்டுக்கதையை விட்டுவிடுவோம். இன்று பெரிதும் வழங்கும் படங்களை 1909இல் லண்டனில் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் மெய்யான கலைஞர். அவருடைய 'பத்துக் கோல்கள்' என்ற சீட்டைப் பாருங்கள். பத்துக் கழிகளை அள்ளி அணைத்துக்கொண்டு ஒருவன் குனிந்து நடக்கிறான். முகம் கழிகளுக்குள் புதைந்திருக்கிறது. தூரத்தில் வீடுகள் தெரிகின்றன, அவனுக்குத் தெரிகின்றனவா என்பது ஐயம். மாத்தளைத் தோட்டங்களில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து நிறுவைக்கு இறங்கி வரும் பெண்ணைக் கண்டவர்க்கு இப்படத்துக்கு உரை வேண்டியதில்லை.

உரைதான் இங்கே குற்றவாளி. அக்கட்டை வகுத்த வெயிட், இச்சீட்டின் தலைமைப் பொருள் ஒடுக்கப்படுதலே என்றார். செல்வமும் வெற்றியும் கொணரும் பாரத்தையும் அதனுடன் சேர்த்தார். இன்றைய விளக்கங்கள் பலவற்றில் முன்னது மறைந்து, பின்னது மட்டும் எஞ்சியிருக்கிறது: நீயே ஏற்றுக்கொண்டாய், நீயே மறுக்கக் கற்றுக்கொள். கழிகளை அடுக்கியவர் எவர் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

நம் பழைய இலக்கியம் இதைவிட நேர்மையானது. முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்றறிய முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அவர்கள் காதில் விழுவது, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஓர் இடைப்பெண் சொல்லும் ஆறுதல். கன்றுக்குச் சொன்னதைத் தலைவிக்குச் சொன்னதாகக் கொள்கிறார்கள். சீட்டெடுப்பவர் செய்வதும் இதுவே. இதில் இகழத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் நப்பூதனார் அத்துடன் நிற்கவில்லை. நற்சொல்லை எடுத்துக்காட்டியும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை என்கிறார். பின் பாசறைக்கு நம்மை அழைத்துச் சென்று, புண்பட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் நினைந்து துயில் கொள்ளாத அரசனைக் காட்டுகிறார். அவள் துயரின் காரணம் அங்கே இருக்கிறது. போர் முடிந்து தேர் திரும்பிய பின்னரே பாட்டும் முடிகிறது.

(தமிழில் 'சீட்டு' என்ற சொல்லே வேடிக்கையானது. ஆடுவதும் சீட்டு, மாதந்தோறும் கட்டுவதும் சீட்டு, வேலையிலிருந்து விலக்கினால் கிழிப்பதும் சீட்டு.)

ஒருவனுடைய எதிர்காலத்தைப் பிழையின்றிச் சொன்ன காகிதம் ஒன்று இம்மலைகளில் முன்பு இருந்தது. 'துண்டு' என்பது அதன் பெயர். மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களும் அவர்கள் வழியினரும் வழிச்செலவு, அரிசி, துணி என்று கங்காணியிடம் கடன்பட்டிருந்தனர். அக்கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. கடனைச் செலுத்தும் தோட்டம் எதுவோ அதுவே அடுத்த வீடு. 'அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்டாய்' என்று அத்தொழிலாளிக்கு எந்தக் கைந்நூல் போதிக்கும்? அவன் பிறந்தபோதே தந்தையின் கணக்கு லயத்தில் காத்திருந்தது. 1921இல் சட்டம் வந்து துண்டை ஒழித்தது; தனியே அமர்ந்து தன்னை ஆராய்ந்ததால் ஒருவன்கூட அதிலிருந்து விடுபட்டதில்லை.

ஆசிரியத் தோழர்கள் படத்தைப் பார்க்கட்டும். அரைமணி நேரம் அமைதி கிடைத்தாலும் நன்றே. அவர்களுடைய சுமைகளுள் சில உண்மையாகவே இறக்கத்தக்கவை. மூன்றாவது சங்கத்தின் செயலாளர் பதவி போல. எல்லாச் சுமையும் அவ்வகையினது என்று நம்பிவிடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம். நுண்கடன் குழுவில் சேர்ந்த தோட்டப் பெண் ஒருத்தி, ஒரு கடனின் தவணைக்காக இன்னொரு கடன் பெற்றிருக்கிறாள். மறுத்துவிடு என்று அவளுக்குச் சொல்வது எளிது. இவ்வாரத் தவணையை அவள் மறுத்தால், கூடப் பிணைநின்ற பக்கத்து லயத்துப் பெண்கள் அதைக் கட்டியாக வேண்டும்.