குறைந்தது எது?

சுவீடனில் இரண்டு பிரசவ வார்டுகளில், முதல் பிள்ளைப்பேற்றுக்கு வந்த 303 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. லிண்டா விக்ஸ்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அக்குபங்சர் ஊசிகளைக் குத்திக் கையால் தூண்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே ஊசிகளில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். எல்லோருமே தங்கள் வலிக்குத் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் முதுகில் போடும் எபிடியூரல் ஊசியை எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று பார்த்தால், வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 70 பேர், கையால் தூண்டியவர்களில் 61 பேர், மின்சாரம் செலுத்தியவர்களில் 46 பேர்.

அதே வலி, ஆனால் வலிநிவாரணம் குறைவு. டென்மார்க்கில் 607 பெண்களிடம் நடந்த முந்தைய ஆய்விலும் இதே கதைதான்: ஊசி போட்டவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, வலி மதிப்பெண்ணில் மாற்றமில்லை. ஆய்வுலகம் இதை அக்குபங்சரின் நன்மையாகவே பதிவுசெய்கிறது. நன்மை யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

எபிடியூரல் குறைவது ஒன்றுமில்லாத விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. அதனால் காய்ச்சல் வரலாம், முக்கிப் பெறும் கட்டம் நீளலாம், கருவி வைத்து எடுக்க வேண்டிவரலாம். தவிர்க்க விரும்பும் பெண்ணுக்கு ஊசி ஒரு வழியைத் தருகிறது என்றால் நல்லது. மருத்துவச்சிகள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வலியின் அளவு மாறாவிட்டாலும் அதைத் தாங்கும் விதம் மாறும், உடல் தளரும், பயம் குறையும் என்கிறார்கள் அவர்கள். 28 ஆய்வுகளையும் 3,960 பெண்களையும் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுரையும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் வலியின் தீவிரத்தில் பெரிய வித்தியாசமில்லை, வலியைக் கவனித்த விதத்தில் திருப்தி கூடுதலாக இருக்கலாம் என்கிறது.

ஆனாலும் எண்ணிக்கை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. தேவைப்படவில்லை என்பதால் எபிடியூரல் கேட்காதவள் ஒருத்தி. தனக்காகக் குனிந்து ஒவ்வொரு ஊசியாகப் பொருத்திய மருத்துவச்சியை ஏமாற்றமடையச் செய்துவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டவள் இன்னொருத்தி. அட்டவணையில் இருவருக்கும் ஒரே கட்டம். பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் குணமாகவே பழக்கிவைத்திருக்கும் உலகத்தில், பெண் கேட்காமல் இருந்ததை வெற்றியின் அளவுகோலாக வைப்பது ஆபத்தானது.

நான் முதலில் வேறொரு விளக்கத்தில் நம்பிக்கை வைத்திருந்தேன். கையால் தூண்டும் முறையில் மருத்துவச்சி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைத் தொட வேண்டும், ஆகவே ஊசி ஒரு சாக்குதான், அருகில் ஆள் இருப்பதே மருந்து என்று நினைத்தேன். பிரசவம் முழுக்கத் துணை இருந்தால் அறுவைச் சிகிச்சையும் வலிமருந்தும் குறைகின்றன என்பதற்கு 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து கிடைத்த சான்று உண்டு. ஆனால் சுவீடன் எண்கள் என் பக்கம் நிற்கவில்லை. தொட்டுத் தூண்டிய பிரிவில் 61, மின்சாரம் செலுத்திய பிரிவில் 46. துணை மட்டுமே காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஊசி மருத்துவச்சிக்கு என்ன தந்தது என்பது இதைவிடத் தெளிவு. எபிடியூரலுக்கு மயக்க மருத்துவர் வர வேண்டும். அக்குபங்சர் அவள் கைக்குள்ளேயே இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் வலிக்கு ஏதாவது செய்ய முடிவது சிறிய அதிகாரமல்ல. அந்த அதிகாரத்தைச் சில நாள் வகுப்பில் கொடுத்து முடித்துவிடலாமா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு புள்ளி, உள் கணுக்காலுக்கு மேலே ஒரு புள்ளி. கருவுற்ற காலத்தில் இவற்றைத் தொடக்கூடாது, கருப்பை சுருங்கிவிடும் என்பது சீன மரபின் எச்சரிக்கை. பிரசவ வேளையில் வேண்டுமென்றே இவற்றைத்தான் தூண்டுகிறார்கள். எப்போது குத்துவது என்பதோடு, எப்போது ஊசியை எடுத்துவிட்டு மயக்க மருத்துவரைக் கூப்பிடுவது என்பதும் பயிற்சியில் இருந்தாக வேண்டும்.

சுவீடனில் ஊசியைப் பிடித்த கைகள் மூன்றாண்டுச் செவிலியர் படிப்பும் அதன்மேல் ஒன்றரை ஆண்டு மகப்பேற்றுப் படிப்பும் முடித்தவை. நம்மூரில் பிரசவத்தோடு அக்குபங்சரைச் சேர்த்துச் சொன்னால் நினைவுக்கு வருவது ‘ஹீலர்’. 2018இல் கோவையில், வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் பயிற்சி தருவதாக அறிவித்த ஹீலர் ஒருவர் கைதானார். அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட மருத்துவச்சிச் சேவை வழிகாட்டுதல், ஏற்கெனவே செவிலியராக இருப்பவருக்கு 18 மாதப் பயிற்சி வேண்டும் என்றது. இயற்கைப் பிரசவம் என்ற ஒரே சொல்லை இரண்டு தரப்பும் பயன்படுத்துவதால் நமக்குக் குழப்பம் வருகிறது. ஒன்று மருத்துவமனைக்குள் ஒரு வாய்ப்பைக் கூட்டுகிறது, மற்றது மருத்துவமனையையே கழித்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எபிடியூரல் என்ற சொல்லையே கேள்விப்படாமல் பிரசவ வார்டை விட்டு வெளியே வரும் பெண்கள் இங்கே ஏராளம். “கத்தாதே” என்று அதட்டு வாங்கியவர்களிடம் போய், ஊசி எபிடியூரலைக் குறைக்கிறது என்று சொல்வதில் என்ன இருக்கிறது? இல்லாததில் எதைக் குறைப்பது?

அடுத்த ஆய்வைச் செய்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வலி மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும். மருந்து வேண்டும் என்று தோன்றியும் கேட்காமல் இருந்தீர்களா? கேட்டிருந்தால் தயங்காமல் கொடுத்திருப்பார்கள் என்று நம்பினீர்களா?