தோட்டமும் அரூபமும்: கிளாது மோனே, ஜோன் மிட்செல் ஓவியங்கள் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நிலக்காட்சியிலிருந்து அரூப ஓவியம் உருவாகும்போது ஓவியர் எதை விலக்குகிறார், எதைத் தக்கவைக்கிறார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரான்சின் சேன் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்து ஓவியம் தீட்டிய கிளாது மோனே (1840–1926), ஜோன் மிட்செல் (1925–1992) ஆகிய இருவரின் பிற்கால ஓவியங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. இருவரையும் முன்னோடி, வழித்தோன்றல் என இணைத்துக் காணும் வழக்கமான பார்வையின் வரையறைகள் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரூப ஓவியம், நிலக்காட்சி, தோட்டம், நினைவு, உரிப்பொருள்.

முன்னுரை

அரூப ஓவியத்தின் முன் நிற்பவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றார். நீலத் தீற்றலைக் குளம் என்றும் பச்சைத் தீற்றலை மரம் என்றும் பெயரிட்டு, விடுகதையை விடுவிப்பதுபோல் வாசிப்பது ஒரு வழி. கித்தானும் வண்ணமும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை எனக் கொள்வது மற்றொரு வழி. தோட்டத்திலிருந்தும் நிலக்காட்சியிலிருந்தும் பிறந்த அரூப ஓவியங்கள் இவ்விரு வாசிப்புகளின் போதாமையையும் ஒருங்கே வெளிப்படுத்துகின்றன.

2022ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் லூயி வித்தோன் அறக்கட்டளைக் கலைக்கூடத்தில் மோனே, மிட்செல் இருவரின் ஓவியங்களும் அருகருகே வைக்கப்பட்டன. மோனே 1878 முதல் 1881 வரை வாழ்ந்த வெத்தேய் என்னும் சிற்றூரிலேயே, 1967இல் மிட்செல் வீடு வாங்கினார். மோனே குடியிருந்த வீடு அவ்வளாகத்தை ஒட்டியே இருந்தது. இந்த இட ஒற்றுமை, மிட்செலை மோனேயின் வழித்தோன்றலாகக் காணத் தூண்டுவது இயல்பே. ஆயினும் அவ்வுறவை மிட்செல் விரும்பி ஏற்றவர் அல்லர். செசான், வான் கோ, மத்தீஸ் ஆகியோரையே தமக்கு நெருக்கமானவர்களாகக் கருதினார். அவருடைய மறுப்பு வெறும் தன்முனைப்பா, அன்றி ஓவியங்களிலேயே அதற்கு அடிப்படை உள்ளதா என்பது ஆராயத்தக்கது.

மோனே: தொடுவானத்தை நீக்கிய குளம்

மோனே 1883இல் ஜிவெர்னியில் குடியேறினார். 1890இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். 1893இல் அருகிலிருந்த நிலத்தை வாங்கி, ஓடைநீரைத் திருப்பிக் குளம் அமைத்தார். அயல்நாட்டு நீர்த்தாவரங்களால் ஓடைநீர் கெடும் என்று அஞ்சி ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர்க் குளத்தைத் தூய்மையாக வைத்திருப்பதற்கெனவே தோட்டக்காரர் ஒருவர் அமர்த்தப்பட்டார். எனவே மோனே தீட்டியது தானாய் அமைந்த இயற்கையை அன்று. எந்தச் செடி எங்கு நிற்க வேண்டும், நீர்ப்பரப்பில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பவை தூரிகையைத் தொடும் முன்பே முடிவு செய்யப்பட்டன. அரூபமாக்கலின் முதற்படி கித்தானில் அன்றி மண்ணிலேயே நிகழ்ந்தது எனலாம்.

இரண்டாம் படி தொடுவானத்தை நீக்கியது. 1890களின் இறுதியில் தீட்டப்பட்ட குள ஓவியங்களில் ஜப்பானியப் பாலமும் கரையும் பார்வையாளரின் நிற்குமிடத்தை உறுதிசெய்கின்றன. 1909இல் துராந்-ருயெல் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட 48 ஓவியங்களில் பலவற்றிலும் கரை இல்லை. நீர்ப்பரப்பு மட்டுமே உள்ளது. அந்நீரில் வானமும் மேகமும் தலைகீழாக விழுகின்றன. மேலிருக்க வேண்டியது கீழாகவும், தொலைவில் உள்ளது அருகாகவும் மாறுகின்றன. பொருள்கள் அனைத்தும் அடையாளம் காணத்தக்கனவாக இருக்கும்போதே இடம் அடையாளம் இழக்கிறது. இதுவே மோனேயின் அரூபம்.

இம்மாற்றத்துக்குக் கண்புரையே காரணம் என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. அவருக்குக் கண்புரை உறுதிசெய்யப்பட்டது 1912இல். வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது 1923இல். இக்காலத்துப் பாலம் ஓவியங்கள் சிலவற்றில் செம்மையும் பழுப்பும் மிகுந்திருப்பதற்கு அவ்விளக்கம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1909இன் கண்காட்சியில் இடம்பெற்றவை 1903 முதல் 1908 வரை தீட்டப்பட்டவை. தொடுவானம் நீங்கியது நோய் உறுதிசெய்யப்படும் முன்பே ஆகும். கட்டமைப்பு சார்ந்த ஒரு தேர்வை உடற்குறையின் விளைவாகச் சுருக்குவது காலவரிசைக்கு முரணானது.

1927இல் பாரிஸ் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தின் இரு நீள்வட்டக் கூடங்களில் எட்டுப் பெருந்தொகுதிகள் நிலைநிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள அவை பார்வையாளரைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றைத் தொலைவிலிருந்து முழுமையாக நோக்க ஓர் இடமில்லை; நடந்தே காண வேண்டும். இவ்வோவியங்கள் நெடுங்காலம் பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை. 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பெரிய அல்லி ஓவியம் ஒன்றை வாங்கியது. அமெரிக்க அரூப ஓவியம் நிலைபெற்ற பின்னரே, அதற்கு முன்தோன்றிய மோனேயைக் காணும் கண் வாய்த்தது. பின்வந்தோர் முன்னவரை வாசிக்கக் கற்பித்தனர் என்பதை, வழித்தோன்றல் என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

மிட்செல்: சன்னலுக்குப் புறம் காட்டிய தூரிகை

சிகாகோவில் பிறந்து, நியூயார்க்கில் அரூப ஓவியராக அறியப்பட்ட மிட்செல், 1959 முதல் பிரான்சில் வாழ்ந்தார். வெத்தேய் வீடு உயரமான நிலத்தில் அமைந்தது. அங்கிருந்து ஆறும் மரங்களும் தோட்டமும் தெரிந்தன. ஆயினும் அவர் அக்காட்சியைப் பார்த்துத் தீட்டவில்லை. பெரும்பாலும் இரவில், மின்விளக்கொளியில், இசையைக் கேட்டுக்கொண்டு ஓவியக்கூடத்தில் பணியாற்றினார். பகலில் கண்டது நினைவாக மாறிய பிறகே கித்தானுக்கு வந்தது. மோனே மாறும் ஒளியைத் தொடர்ந்து குளக்கரையில் அமர்ந்தார். பெருந்தொகுதிகளை ஓவியக்கூடத்தில் தீட்டியபோதும் குளம் சில அடிகளிலேயே இருந்தது. மிட்செலோ ஒளியே இல்லாத வேளையைத் தேர்ந்தார். இவ்வேறுபாடு பழக்கம் சார்ந்தது மட்டுமன்று. ஓவியத்தின் பொருளையே வேறாக்குவது.

இதற்கு வலுவான சான்று 1983–84இல் தீட்டப்பட்ட ‘பெரும் பள்ளத்தாக்கு’ என்னும் 21 ஓவியங்களின் வரிசை. அப்பள்ளத்தாக்கை மிட்செல் நேரில் கண்டதில்லை. தோழி ஒருவர் தம் சிறுவயதில் உறவினர் ஒருவருடன் சென்று மகிழ்ந்த இடத்தைப் பற்றிக் கூறியதிலிருந்து அது பிறந்தது. அவ்வுறவினர் இறந்துபோயிருந்தார். மிட்செலின் தமக்கையும் 1982இல் காலமாகியிருந்தார். பிறருடைய இழப்பின் நிலம், தம் இழப்பைத் தாங்கும் நிலமாயிற்று.

அவருடைய முந்தைய ஓவியங்களில் தீற்றல்களுக்கிடையே வெண்மை பரந்து, உருவுக்கும் வெளிக்கும் இடைவெளி தந்தது. இவ்வரிசையிலோ அவ்வெண்மை பெரிதும் மறைகிறது. அடர்நீலமும் கடுகுப்பூ மஞ்சளும் பச்சையும் விளிம்பிலிருந்து விளிம்புவரை நெருங்கி நிற்கின்றன. பதினான்காம் ஓவியம் மூன்று கித்தான்கள் இணைந்தது, 280 செ.மீ. உயரமும் 600 செ.மீ. அகலமும் கொண்டது. ‘சிறிது காலத்திற்கு’ என்பது அதன் துணைத்தலைப்பு. கித்தான்கள் கூடும் இடங்களில் தொடர்ச்சி சற்றே அறுபடுவது, மகிழ்ச்சியின் முழுமையையும் அதன் முறிவையும் ஒருசேரக் காட்டுகிறது. இங்குத் துக்கம் கருமையாக வரவில்லை. மிகுதியான நிறமாக வருகிறது.

உரிப்பொருள் என்னும் அளவுகோல்

இவ்வேறுபாட்டை விளக்கத் தொல்காப்பியப் பொருளதிகாரம் தரும் கலைச்சொற்கள் துணைசெய்கின்றன. இது தாக்கம் பற்றிய கூற்று அன்று; வாசிப்புக்கான கருவி மட்டுமே. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், புள், விலங்கு முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலான ஒழுக்கங்கள் உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை தம்முள் மயங்கலாம் என்னும் நெகிழ்ச்சியையும் இலக்கணம் அளிக்கிறது.

மோனேயிடம் கருப்பொருள் நிலைத்திருக்கிறது: அல்லி அல்லியே, அலரி அலரியே. முதற்பொருளில் பொழுது மேலோங்க, நிலம் கரைகிறது. மிட்செலிடம் கருப்பொருள் மறைந்துவிடுகிறது. நிலமும் பிறர் சொல்லக் கேட்டதாகிறது. எஞ்சுவது பிரிவும் இரங்கலும் ஆகிய உரிப்பொருளே.

ஒப்புமை இங்கேயே முறிவதும் கவனிக்கத்தக்கது. திணை மரபில் கவிஞருக்கும் கேட்போருக்கும் பொதுவான வழக்கு உண்டு. நெய்தல் என்றால் இரங்கல் என்பது இருசாரார்க்கும் தெரியும். அரூப ஓவியத்திற்கு அத்தகைய வழக்கு இல்லை. நீலம் இரங்கலையும் சுட்டலாம், களிப்பையும் சுட்டலாம். மிட்செல் பல ஓவியங்களுக்குத் தீட்டி முடித்த பின்னரே பெயரிட்டார். எனவே தலைப்பை ஓவியத்தின் திறவுகோலாகக் கொள்வது பிழையாகலாம். தலைப்பை முற்றிலும் புறக்கணிப்பதோ, ஓவியரும் பார்வையாளரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே சொல்லை இழப்பதாகும். பள்ளத்தாக்கின் பின்னணியை அறியாதவர்க்கு இவ்வரிசை செழித்த தோட்டமாக மட்டுமே தோன்றக்கூடும். அது தவறான வாசிப்பன்று. ஆனால் குறைவான வாசிப்பு. அரூபம் தன் சுதந்திரத்திற்காகச் செலுத்தும் விலை இதுவே.

முடிவுரை

மோனே, மிட்செல் இருவரையும் ஒரே ஆறும் ஒரே ஊரும் இணைக்கின்றன, ஓவியமுறை பிரிக்கிறது. மோனே தாமே அமைத்த தோட்டத்தை நாள்தோறும் நோக்கி, நோக்குபவர் நிற்கும் இடத்தைக் கரைத்தார். மிட்செல் கண்முன் இருந்த நிலத்துக்குப் புறம் காட்டி, காணாத நிலத்தைத் தீட்டினார். ஆகவே அரூபம் என்பது இயற்கையிலிருந்து விலகுதல் என்னும் பொதுவரையறை இருவருக்கும் பொருந்துவதில்லை. எதை நீக்கியபின் எது எஞ்சுகிறது என்பதே ஒவ்வோர் ஓவியத்திடமும் கேட்கத்தக்க வினா. மோனேயிடம் எஞ்சுவது ஒரு பொழுது. மிட்செலிடம் எஞ்சுவது ஒரு பிரிவு. தமிழில் நவீன ஓவியம் பற்றிய திறனாய்வு, குறியீடுகளுக்குப் பெயர் சூட்டும் வாசிப்பிலிருந்து விலகி இவ்வினாவை முன்னிறுத்துமாயின், நிலத்தையும் உணர்வையும் இணைத்துப் பேசிய தன் நெடிய பொருளிலக்கண மரபையும் புதிதாகப் பயன்கொள்ள இயலும்.