உடையாத அலை

கலை எதையும் போதிக்கக்கூடாது என்பவர்கள் ஒரு கட்சி. போதிக்காவிட்டால் கலையால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் மறு கட்சி. கதை எழுதப் புகுந்த நாள் முதல் இந்த இரண்டு கட்சிக்காரர்களிடமும் நான் அடி வாங்கியிருக்கிறேன். என் சாய்வு பெரும்பாலும் முதல் கட்சியின் பக்கம்தான். கையில் கொடி பிடித்துக்கொண்டு வரும் சித்திரத்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவேன். அப்படி ஒதுங்கப் போன என்னைப் பிடித்து நிறுத்திய ஒரு படத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

படத்தின் பெயர் ‘ஜைர்’. பெருங்கடலில் நீரோட்டங்கள் வட்டமாகச் சுற்றி வரும் பெரிய சுழலுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். வட பசிபிக்கில் அத்தகைய சுழல் ஒன்றில் பிளாஸ்டிக் குப்பை மிதப்பதை 1997-ல் சார்லஸ் மூர் என்ற மாலுமி கண்டார். அவர் சொல்லித்தான் விஷயம் பலருக்கும் தெரிய வந்தது. 2009-ல் இந்தப் படத்தைச் செய்த கிறிஸ் ஜோர்டான் ஓர் அமெரிக்கர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் புகைப்படக் கலைக்கு வந்தவர். படம் 8 அடி உயரம், 11 அடி அகலம். மூன்று பகுதிகளாக நிற்கிறது.

நான் அதை நேரில் பார்க்கவில்லை; கணினித் திரையில்தான் பார்த்தேன். பார்த்தவுடன், “இது ஹொகுசாயின் அலை அல்லவா!” என்றுதான் தோன்றியது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் தமது எழுபதாவது வயதையொட்டி, 1831 வாக்கில் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்ட அந்தச் சித்திரத்தை வாசகர்கள் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். இடது புறம் மலை போல எழும்பிய அலை. அதன் நுரை, விரல்களை விரித்துப் பாயும் நகங்களைப் போல இருக்கிறது. கீழே மூன்று படகுகள், அவற்றில் குனிந்து பதுங்கிய மனிதர்கள். தூரத்தில், அலையின் வளைவுக்குள், சிறு பிள்ளை மண்ணில் குவித்து வைத்தது போல ஃபூஜி மலை. அந்த ஒரே உருவம் ஜோர்டானின் படத்திலும் அப்படியே எழுந்து நிற்கிறது. ‘பெரியவரிடம் கடன் வாங்கிப் பிழைக்கும் இன்னொருவர்’ என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு படத்தைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலை கரைந்து போயிற்று. நுரை என்று நினைத்தது வெள்ளைப் பிளாஸ்டிக் சில்லுகள். நீலம் என்று நினைத்ததும் பிளாஸ்டிக். மலையும் அதுதான், வானமும் அதுதான். நடுவில் ஒரு சீப்பு, ஒரு பல் துலக்கும் பிரஷ், புட்டி மூடி ஒன்று. எல்லாம் பசிபிக் கடலிலிருந்து பொறுக்கி எடுத்தவை. ஹொகுசாயின் சித்திரத்தில் உயிர் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் அலை இல்லை. ஜோர்டானிடம் கோடே கிடையாது. ஒரு நிறக் குப்பை முடிந்து இன்னொரு நிறக் குப்பை தொடங்கும் இடம்தான் கோடு போல நம் கண்ணை ஏமாற்றுகிறது.

படத்தில் இருப்பவை 24 லட்சம் துண்டுகள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். ஒரு மணி நேரத்தில் உலகக் கடல்களில் சேரும் பிளாஸ்டிக் 24 லட்சம் பவுண்டு என்பது அன்றைய மதிப்பீடு. பவுண்டுக்கு ஒரு துண்டு. நானும் பெருக்கிப் பார்த்தேன்: வருஷத்துக்குச் சுமார் 95 லட்சம் டன் வருகிறது. 2010-ம் வருஷத்தில் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன்னுக்குள் இருக்கும் என்று 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. ஆகவே ஓவியரின் கணக்கில் மிகை இல்லை. ஆனால் கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக அமைந்துவிடாது. லட்சமும் கோடியும் மனசில் நுழைவதில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகின்றன. படத்தில் என்னைத் தொட்டது வேறு.

ஹொகுசாயின் அலை உடைவதற்கு முந்திய கணத்தில் நிற்கிறது. படகுக்காரர்களின் பயமும் அந்தக் கணத்தில்தான். பார்க்கிற நமக்குள்ள ஆறுதலும் அதில்தான். அடுத்த நொடியில் அலை உடைந்துவிடும். படகு பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். கடல் சமனாகிவிடும், மலை மட்டும் இருக்கும். போவது அலை, நிலைப்பது மலை. ஜோர்டான் அந்த ஆறுதலைப் பறித்துக்கொள்கிறார். அவருடைய அலை செய்யப்பட்டிருக்கும் பொருள் மக்காதது. நொறுங்கிப் பொடியாகும், பொடியும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். இந்த அலை உடையாது. மலையையும் அதே பொருளால் செய்துவிட்டபடியால், எது போவது எது நிலைப்பது என்ற பேதமே அழிந்துவிட்டது. பெரியவரிடம் வாங்கிய கடனை இந்த இடத்தில் அவர் வட்டியோடு தீர்த்துவிட்டார் என்றே சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. படத்தின் அழகு ஓர் ஆபத்து. எட்ட நின்று பார்ப்பவன், “கூடத்தில் மாட்டினால் நன்றாயிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். கிட்டப் போகிறவனுக்குத்தான் படம் திறக்கிறது. மேலும், கீழே எழுதியுள்ள குறிப்பைப் படிக்காவிட்டால் 24 லட்சத்துக்கு என்ன பொருள் என்று யாருக்கும் புரியாது. சித்திரம் தன் காலில் நிற்க வேண்டும். குறிப்பைக் கைத்தடியாக ஊன்றக்கூடாது.

அதே 2009-ல் அவர் மிட்வே தீவில் எடுத்த புகைப்படங்களுக்குக் கைத்தடி வேண்டியதில்லை. செத்து உலர்ந்த ஆல்பட்ராஸ் குஞ்சு; சிறகும் எலும்பும் மண்ணோடு மண்ணாகிக் கிடக்க, வயிறு இருந்த இடத்தில் மட்டும் புட்டி மூடிகளும் சிகரெட் லைட்டரும் நிறம் மங்காமல் கிடக்கின்றன. இரை என்று எண்ணித் தாய்ப்பறவை கொண்டுவந்து ஊட்டியவை அவை. ஒரு துண்டைக்கூடத் தான் நகர்த்தி வைக்கவில்லை என்கிறார் ஜோர்டான். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இரண்டில் அதுதான் உயர்ந்தது என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கண் கலங்க வைப்பது என் தொழில். அதன் சூட்சுமம் எனக்குக் கொஞ்சம் தெரியும். பாவப்பட்ட ஒரு ஜீவனைச் சாகவிட்டு நான் எழுதிய கதைகளைப் படித்து அழுதவர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அழுத பிறகு பத்திரிகையை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்கள். கண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு. கடனை அடைத்துவிட்டது போல ஒரு திருப்தியைக் கொடுத்துவிடும். பறவைக்காக அழுதபோது நான் நல்லவனாக இருந்தேன். அலைக்குள் கிடந்த சீப்பைப் பார்த்தபோது அப்படி இருக்க முடியவில்லை. பல் உடைந்தது என்று தூக்கிப் போட்ட சீப்புகள் எத்தனை, அவை எங்கே போயின என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஜோர்டான் கொடி பிடிக்கவில்லை என்று வாதாட மாட்டேன், பிடிக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் கொடிக்குத் துணி நம் வீட்டிலிருந்து போயிருக்கிறது. அதனால்தான் என்னால் ஒதுங்கிப் போக முடியவில்லை.