சோயுஸின் மூன்றாம் இருக்கை

ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் மூன்று இருக்கைகள் உண்டு. நடுவில் கலத்தலைவர், அவருக்கு இடப்புறம் பொறியாளர். கலத்தைச் செலுத்த இவ்விருவர் போதும். வலப்புறம் அமர்பவருக்குப் பறக்கும்போது முக்கியப் பொறுப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. சுற்றுப்பாதைச் சுற்றுலா என்று இன்று சொல்லப்படுவது இந்த வலப்புற இருக்கையைப் பணம் கொடுப்பவருக்கு விற்றதில்தான் வேர்கொண்டது.

அந்த இருக்கை காலியாக இருந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்குவோருக்கு அப்போது சோயுஸ்தான் உயிர்காப்புப் படகாக இருந்தது. ஆபத்து நேர்ந்தால் ஏறித் தப்ப, அது எப்போதும் நிலையத்தோடு இணைந்து நிற்க வேண்டியிருந்தது. ஆனால் இறங்கு பெட்டகத்தின் சிறு உந்துபொறிகளுக்கான ஹைட்ரஜன் பெராக்சைடு நாளாக நாளாகச் சிதைந்துவிடும். அதனால் சுமார் 200 நாட்களுக்கு மேல் ஒரே கலத்தை அங்கே விட்டுவைக்க முடியாதிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய கலத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, பழையதில் திரும்பிவர ஒரு குழு தேவைப்பட்டது. கலத்தைச் செலுத்த இருவர் போதும் என்பதால் மூன்றாவது இருக்கை மிஞ்சியது. எப்படியும் பறக்கப்போகும் கலத்தில் எப்படியும் காலியாக இருக்கும் இடத்தை விற்பதில் எவருடைய வாய்ப்பும் பறிபோகவில்லை. இந்த வழக்கத்துக்கு உள்ள மிக வலுவான நியாயம் இதுதான்.

பணத்தேவையும் சேர்ந்துகொண்டது. 1990 டிசம்பரிலேயே ஜப்பானியத் தொலைக்காட்சி நிருபர் டொயோஹிரோ அகியாமா, அவருடைய நிறுவனம் செலுத்திய கட்டணத்தில் சோவியத் ஒன்றியத்தின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்திருந்தார். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அரசு நிதி வற்றிப்போன ரஷ்ய விண்வெளித் துறைக்கு வெளிநாட்டுப் பணம் மூச்சுக்காற்றாக இருந்தது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பொறியாளராக இருந்து பின்னர் முதலீட்டுத் தொழிலில் செல்வம் ஈட்டிய அமெரிக்கர் டென்னிஸ் டிட்டோ முதலில் மிர் நிலையத்துக்குத்தான் போவதாக இருந்தது. 2001 மார்ச் 23 அன்று மிர் பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்டது. அதற்கு முன்பே அவருடைய பயணத்தைச் சர்வதேச நிலையத்துக்கு மாற்ற ஏற்பாடாகியிருந்தது. நாசா கடுமையாக எதிர்த்தது. ஹூஸ்டன் பயிற்சி மையத்தில் டிட்டோவுக்குப் பயிற்சி மறுக்கப்பட்டபோது, அவரோடு பறக்கவிருந்த டல்கட் முசபாயேவும் யூரி பதூரினும் தாங்களும் வெளியேறினார்கள். நிலையத்தில் எதை உடைத்தாலும் ஈடுகட்டுவதாகவும், துணையின்றி அமெரிக்கப் பகுதிக்குள் நுழைவதில்லை என்றும் டிட்டோ ஒப்புக்கொண்ட பிறகே வழி திறந்தது. 2001 ஏப்ரல் 28 அன்று மூவரும் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டார்கள். மே 6 அன்று திரும்பினார்கள். சுமார் 2 கோடி டாலர் கட்டணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

நாசாவின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது இறந்த ஏழு பேரில் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் ஒருவர். அந்தக் காயம் ஆறவில்லை. டிட்டோ கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் பழுதாகி, எண்டெவர் விண்ணோடம் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. அது பிரிந்து போன மறுநாள்தான் சோயுஸ் வந்து இணைந்தது. கட்டிமுடிக்கப்படாத நிலையத்தில், அதுவும் அப்படியொரு வாரத்தில், விருந்தாளியை ஏற்பது சிரமமே. ஆனால் விருந்தாளியின் தகுதியை எப்படி அளப்பது என்பதற்கு அன்று விதியே இல்லை. அந்தக் குறைதான் உண்மையான பிரச்சினை. 2002 தொடக்கத்தில் நிலையத்தின் பங்காளி நாடுகள் வருகையாளர்களுக்கான தேர்வு, பயிற்சி வரையறைகளை வெளியிட்டன. டிட்டோவின் பயணம் தந்த உருப்படியான பலன் அது.

பிறகு போனவர்கள் வெறும் வேடிக்கை பார்க்கவில்லை. மாதக்கணக்கில் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ககாரின் மையத்தில் பயின்றார்கள். ரஷ்ய மொழி கற்றார்கள். தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2002இல் தம் நாட்டு அறிவியலாளர்களின் சோதனைகளைக் கொண்டுபோனார். 2008இல் சென்ற ரிச்சர்ட் காரியட், தம் தந்தை ஓவன் காரியட் 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்திலிருந்து படமெடுத்த இடங்களை மீண்டும் படமெடுத்தார். 2006இல் பணம் கட்டிப் பறக்கவிருந்த டைசுகே எனோமோட்டோ மருத்துவச் சோதனையில் நிறுத்தப்பட, மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த அனூஷே அன்சாரி ஒரு மாதத்துக்குள் பறந்தார். பணம் கட்டியவரையும் மருத்துவர்கள் நிறுத்த முடிந்தது என்பது இந்த முறையின் மேல் நம்பிக்கை தருகிறது.

எனினும் பயிற்சி எல்லா ஆபத்தையும் போக்கிவிடாது. 2008 ஏப்ரலில் தென்கொரியாவின் யி சோ-யோன், சுற்றுலாப் பயணியாக அல்லாமல் அரசு அனுப்பியவராகவே, சோயுஸில் திரும்பினார். கலம் செங்குத்தான பாதையில் விழுந்து, குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே தரையிறங்கியது. புவியீர்ப்பைப் போல 8 மடங்குக்கு மேல் அழுத்தம். முதுகுவலியால் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே இறக்கம் வயது முதிர்ந்த ஒரு பயணிக்கும் நேர்ந்திருக்கலாம். டிட்டோ பறந்தபோது அவருக்கு வயது 60.

2009இல் நிலையத்தில் நிரந்தரமாகத் தங்குவோர் ஆறு பேரானதும் காலி இருக்கை இல்லாமற்போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் கீ லாலிபெர்தே போனபின் 2021 வரை எந்தச் சுற்றுலாப் பயணியும் நிலையத்துக்குச் செல்லவில்லை. விண்ணோடங்கள் 2011இல் ஓய்வுபெற, நாசாவே சோயுஸ் இருக்கைகளை நம்பவேண்டியதாயிற்று. 2015இல் ஆறு இருக்கைகளுக்கு 49 கோடி டாலர் தர ஒப்பந்தமிட்டது. தேவை வந்தபோது தொழில்முறை வீரர்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. இந்த ஒழுங்கு முறிந்திருந்தால் சுற்றுலாவுக்குச் சாதகமான வாதம் எதுவும் எஞ்சியிருக்காது.

அமெரிக்காவின் டிராகன் விண்கலம் வந்தபின் கணக்கு மாறியது. 2022 ஏப்ரலில் அதில் சென்ற, ஆக்சியம் என்ற தனியார் நிறுவனத்தின் முதல் குழுவில் முன்னாள் நாசா வீரர் ஒருவர் தலைவர், மற்ற மூவரும் பணம் செலுத்தியவர்கள். இங்கே மிஞ்சிய இருக்கையை நிரப்பும் பேச்சே இல்லை. பயணிகளுக்காகவே கலம் ஏவப்பட்டது. வேலைப்பட்டியல் அளவுமீறி நெருக்கமாக அமைந்துவிட்டதைத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார். நிலையத்தில் இருந்த வீரர்களின் நேரமும் விருந்தினருக்குச் செலவானது. பொது நிதியில் இயங்கும் ஆய்வுக்கூடத்தில் வீரர்களின் நேரமே மிக அரிய பொருள் என்பதால், கட்டணத்தொகையை விட இதுவே கூர்ந்து கவனிக்க வேண்டிய குறை. அதே ஆண்டு, இத்தகைய குழுக்களுக்கு முன்னாள் நாசா வீரரே தலைமை தாங்க வேண்டும் என்று நாசாவின் விதி வந்தது. 2025இல் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா சென்ற நான்காவது ஆக்சியம் பயணத்துக்கும் முன்னாள் நாசா வீராங்கனை பெக்கி விட்சனே தலைமை ஏற்றார்.