நெடுந்தூரத்துக்குள் ஒளிந்திருக்கும் வேகம்

மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ், 1976 ஜூலை 25. ஆண்கள் 800 மீட்டர் இறுதி. முதல் சுற்று முடிந்து மணி அடிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் வந்தவர் ராஜஸ்தானைச் சேர்ந்த ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங். அந்த 400 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 50.85 விநாடி. இரண்டாம் சுற்றில் கியூபாவின் ஆல்பர்டோ ஹுவான்டொரேனா முன்னேறி, 1:43.50 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஸ்ரீராம் சிங் ஏழாவது, 1:45.77. ஏழாவது என்று கேட்டால் சப்பென்றிருக்கும். ஆனால் அந்த 1:45.77-ஐ இன்னொரு இந்தியர் தாண்ட 42 வருடம் ஆனது. 2018-ல் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடிய பிறகுதான் அது பழைய கதையானது.

நான் அந்த ஓட்டத்தை ரசிப்பது அதன் முதல் சுற்றுக்காக. மாவட்டப் போட்டியில் 400 மீட்டருக்கு மட்டும் இறங்குகிற பையன் 50.85 ஓடினால், கோட்டைத் தாண்டியதும் தரையில் மல்லாந்துவிடுவான். ஸ்ரீராம் சிங் அதே நேரத்தில் ஓடிவிட்டு, இன்னொரு முழுச் சுற்றைப் பாக்கி வைத்திருந்தார். தூர ஓட்டக்காரரின் நிதானம் என்று நாம் கைதட்டுவதில் பெரும்பங்கு, அவர் செலவழிக்காமல் கையில் வைத்திருக்கும் வேகம்தான். அதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, 5000 மீட்டரின் சலிப்பான நடுச்சுற்றுகளும் சுவையாகிவிடும்.

ஹுவான்டொரேனா அதே மாண்ட்ரியலில் நான்கு நாள் கழித்து 400 மீட்டரையும் 44.26-ல் வென்றார். ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டையும் வென்றவர் அவர். அப்படியானால் வேகம் இருந்தால் போதுமா? இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோவைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவருடைய 400 மீட்டர் 46.87. கியூபரோடு ஒற்றைச் சுற்று ஓடினால் இருபது மீட்டர் பின்னால் கிடப்பார். ஆனால் 1981-ல் 800 மீட்டரை 1:41.73-ல் ஓடினார். கணக்கு எளிது: 400 மீட்டர் நேரத்தை இரட்டியுங்கள், 800 மீட்டர் நேரத்திலிருந்து கழியுங்கள். ஹுவான்டொரேனாவுக்கு மிச்சம் 15 விநாடி, கோவுக்கு 8. ஒற்றைச் சுற்றின் உச்ச வேகத்தில் எவ்வளவு 800 மீட்டரில் கரைகிறது என்பதை இந்த மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டக்காரர் யாராக இருந்தாலும் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஆள் எந்தத் தூரத்துக்குப் பிறந்தவர் என்பது பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதியைக் கண்ணாலும் காதாலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்து எங்கள் ஓரிக்கையில் அதற்குப் பாலாறு இருக்கிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் இல்லாத மாதங்களில் விடிகாலையில் பையன்கள் மணலில் ஓடுவார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கம்பெனி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். தெருவில் நடந்துபோகும்போதே தறிச் சத்தத்தை வைத்து உள்ளே வேலை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடும் பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஓடுகிறவனின் காலடிச் சத்தமும் அப்படிக் கேட்கத் தகுந்ததுதான். வேகம் உள்ளவனின் கால் தரையில் தங்காது; ‘டப்’ என்று தட்டிவிட்டு எழும்பிவிடும். வேகம் இல்லாதவன் மெதுவாக ஓடினாலும் கால் ஒரு நொடி கூடுதலாக ஒட்டிக்கொண்டதுபோல ‘தப்... தப்...’ என்று இழுக்கும். ஈர மணலில் தடத்தைக் குனிந்து பாருங்கள். முன்பாதம் பதிந்த குழி ஆழமாக, குதிகால் தொட்டும் தொடாமலும் இருந்தால், ஓடியவனிடம் இன்னும் சரக்கு இருக்கிறது. களைக்கக் களைக்கக் குதிகால் குழி ஆழமாகும், தடங்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கும். ஆள் போன பிறகும் அவன் எந்த இடத்தில் தளர்ந்தான் என்பதை மணல் சொல்லும்.

இந்தப் பையன்களின் தேர்வே வேகம், தாங்குதிறன் இரண்டையும் சேர்த்துக் கேட்கிற தேர்வு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்கு 100 அல்லது 400 மீட்டர். 400-ஐ 80 விநாடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார், 70-க்குள் ஓடினால் இரண்டு. 7 நிமிடம் என்றால் சுற்றுக்கு 112 விநாடி. 80 விநாடிக்காரனுக்கும் அது சிரமமில்லை. ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனால் கதையே வேறு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருந்தார்கள். சுற்றுக்கு 82.5 விநாடி, அதுவும் நான்கு சுற்று. தன் உச்ச வேகமே 80 விநாடி என்றிருப்பவன் வருடக்கணக்கில் காலையில் எழுந்து பத்து கிலோமீட்டர் ஓடினாலும் அதைத் தொட முடியாது. மூச்சு எவ்வளவு இருந்தாலும் கூரை தலையில் இடிக்கிறது. 60 விநாடிக்காரனுக்கு அதே 82.5 தோளைத் தளர்த்திக்கொண்டு ஓடும் வேகம்.

ஆற்றில் ஒரு தம்பியைக் கவனித்து வருகிறேன். நூறு மீட்டரில் கூட்டத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவான், 1500-ல் மூன்றாவது சுற்றிலேயே முகம் சுளித்துவிடும். “எனக்கு ஸ்டாமினா இல்லண்ணா, லாங் நமக்கு செட் ஆகாது” என்பான். அவனோடு ஓடும் இன்னொருவன் நூறு மீட்டரில் கடைசி, 1500-ல் எப்போதும் முதல் மூன்றில் வருவான். பள்ளிக்கூட மைதானத்தில் இதைப் பார்க்கிறவர்கள் இரண்டாமவனை லாங் டிஸ்டன்ஸ் என்று எழுதிவிடுவார்கள். நான் முதல் பையன் பக்கம். மூச்சும் தாங்குதிறனும் பயிற்சியில் வருடத்துக்கு வருடம் வளரும். உச்ச வேகம் அவ்வளவு வளராது. பெரும்பாலும் தசை நார்களின் அமைப்போடு பிறப்பிலேயே வந்துவிடுகிறது. மெதுவாக ஓடுகிறவர்களை மட்டும் நெடுந்தூரத்துக்கு ஒதுக்குவதால், நம் பள்ளிகள் எத்தனையோ நல்ல 1500 மீட்டர்காரர்களை 13 வயதிலேயே தொலைத்துவிடுகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

உடலியல் இதற்குத் துணை நிற்கிறது. 400 மீட்டரில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 43 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வருவது. 800-ல் அது மூன்றில் இரண்டு பங்கு, 1500-ல் 84 சதவீதம். குறுகிய ஓட்டம் என்று நாம் நினைப்பதிலேயே மூச்சுக்கு இத்தனை வேலை இருக்கிறது. அந்த மூச்சை வளர்க்கலாம் என்பதற்கு நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லைவிட நல்ல சாட்சி இல்லை. அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 800 மீட்டர்காரரான அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடவிட்டார். 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மாரத்தானே ஓடினார். சுமார் இரண்டே மாதத்தில், 1962 பிப்ரவரி தொடக்கத்தில் கிரைஸ்ட்சர்ச்சின் புல் தரையில் 800 மீட்டரை 1:44.3-ல் ஓடி உலக சாதனை. 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம்.

தமிழ்நாட்டில் இந்த அழகை எனக்கு நிறைவாகக் காட்டியவர் புதுக்கோட்டையின் ஜி. லட்சுமணன். 2017 ஜூலையில் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம். அந்த 5000-ஐ அவர் வென்ற நேரம் 14:54.48. ஒரு மாதம் கழித்து லண்டன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அவரே ஓடியது 13:35.69. சுற்றுக்கு 71.6 விநாடி எங்கே, 65.3 எங்கே! லண்டனில் ஓடியது அவர் உடம்பின் எல்லையை. புவனேஸ்வரில் ஓடியது பிடிவாதமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போன ஓட்டம். அப்படிப் போகும் ஓட்டத்தில் முதல் பதினொன்றரைச் சுற்றும் முன்னுரைதான். தீர்ப்பு எழுதுவது கடைசிச் சுற்று. 71 விநாடி வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் காலை, 5 கிலோமீட்டர் களைப்போடு, சட்டென்று மேலே தூக்க யாரிடம் கியர் மிச்சம் இருக்கிறதோ அவருக்குத்தான் தங்கம். அதே லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், வளைவில் கோட்டுக்கு உள்ளே கால் வைத்ததாகத் தகுதி நீக்கப்பட்டு வெண்கலத்தை இழந்தார். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

புதுக்கோட்டைக்கு இதில் தனி வரலாறே உண்டு. சூர்யா லோகநாதன் 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வென்றவர். அவருக்கு முன்னால் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. அந்தப் பதக்கத்தை பாலினச் சோதனை சொல்லிப் பறித்தது ஆறாத அநியாயம். 3000 மீட்டர் தடை ஓட்டத்திலும் தேசிய அளவில் மிளிர்ந்தவர் 800-ல் ஆசியாவின் இரண்டாமிடத்துக்கு வந்தார் என்பதை ஓட்டம் தெரிந்தவர்கள் மறக்கக் கூடாது. கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் இரண்டு பக்கமும் கை நீட்டும் உடம்பு அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எரித்ரியாவின் ஜெர்செனாய் தடேசே 2010-ல் அரை மாரத்தானை 58:23-ல் ஓடி உலக சாதனை வைத்தவர். 2009 பெர்லின் உலகப் போட்டியின் 10000 மீட்டரில் அவர் முன்னால் நின்று அழுத்தி அழுத்தி ஓடினார். வேறு வழியில்லை, கடைசிவரை யாராவது கூட இருந்தால் தோல்வி நிச்சயம் என்பது அவருக்குத் தெரியும். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே மட்டும் நிழல்போல் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசிச் சுற்றில் விலகிப் போய்விட்டார். பெக்கெலே 26:46.31, தடேசே 26:50.12. கடைசி வேகம் இல்லாதவர் நடு ஓட்டத்தில் எடுக்கும் அந்தத் துணிச்சலும் ரசிக்க வேண்டிய ஒன்று. அவர் தன் பலவீனத்தையே ஓட்டத்தின் திட்டமாக்கிக்கொள்கிறார்.

தூரம் கூடக்கூட வேகத்தின் செல்வாக்கு குறையும் என்பது சரி. ஆனால் முழுக்க மறைந்துவிடாது. 2023 சிகாகோவில் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2:00:35-ல் ஓடினார். ஒவ்வொரு 100 மீட்டரும் 17.1 விநாடி, அப்படி 422 முறை விடாமல். போலீஸ் தேர்வில் 100 மீட்டருக்கு ஒரு ஸ்டார் வாங்க 15 விநாடி. அந்த 15 விநாடிக்காரனுக்குக் கிப்டமின் வேகம், தன் முழு வேகத்தில் 87 சதவீதம். இரண்டு கிலோமீட்டர்கூட அதில் தாங்க முடியாது. உத்தரப் பிரதேசத்தின் குல்வீர் சிங் 2025 மார்ச்சில் 10000 மீட்டரை 27:00.22-ல் ஓடினாரே, அது 100 மீட்டருக்கு 16.2 விநாடி. இந்த வேகம் ‘மெதுவாக’ இருப்பதற்கு உள்ளே எவ்வளவு வேகம் இருக்க வேண்டும்!

அதனால்தான் தமிழ்நாட்டின் 400 மீட்டர்காரர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கிறது. திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், ஜகார்த்தா 2018-ல் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96-ல் ஓடி வெள்ளி வென்ற தருண் அய்யாசாமி, 2023 புடாபெஸ்டில் 2:59.05 என்ற ஆசிய சாதனை படைத்த தொடரோட்டக் குழுவின் ராஜேஷ் ரமேஷ், அதே வருடம் ஹாங்ஜோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் தேசிய சாதனையான 55.42-ஐச் சமன் செய்த வித்யா ராம்ராஜ். ஒற்றைச் சுற்றுக்கு இங்கே பஞ்சமே இல்லை. 46 விநாடி ஓடும் ஓர் இளைஞன் 20, 21 வயதில் 800-க்கு இறங்கினால், இரட்டித்து 92. கோவின் 8 விநாடி வேண்டாம், 12 சேர்த்தாலும் 1:44. ஆனால் யார் இறங்குவார்? தொடரோட்டக் குழு இருப்பதால் 400 மீட்டரில் ஆறாவது இடத்துக்கும் தேசிய முகாமில் வாய்ப்பு உண்டு. 800-ல் மூன்றாவதாக வருபவனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மாறுகிற முதல் சீசனில் இரண்டு தூரத்திலும் டைமிங் கெடும், மூச்சு கட்டப் பனிக்கால மாதங்கள் முழுக்க நீண்ட ஓட்டம் வேண்டும், பதக்கம் வராது. அந்த ஒரு சீசன் முழுக்க அவனுக்கு முகாமில் இடமும் சாப்பாடும் கொடுத்து, ரிசல்ட் கேட்காமல் காத்திருக்க மாநிலச் சங்கமோ அரசோ முன்வர வேண்டும்.