கடைசிக் காட்சியில் செத்துப்போகிறவன்

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், கல்லூரிப் பிள்ளைகள் போட்ட போதை ஒழிப்பு வீதி நாடகம் ஒன்றைப் பார்த்தேன். பறையடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். நல்லாப் படிக்கிற பையன். கெட்ட சகவாசம், கஞ்சா. அம்மாவின் தாலியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான், கடைசிக் காட்சியில் செத்துப்போகிறான். பிறகு எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். என் பக்கத்தில் நின்ற பையன் உதட்டுக்குள் கூல் லிப்பை ஒதுக்கியபடியே கையை நீட்டினான்.

"எப்படி இருந்துச்சு தம்பி?"

"நல்லா இருந்துச்சுண்ணே. பாவம், செத்துப்போயிட்டான்."

அவன் கேலி பண்ணவில்லை. செத்துப்போனவன் வேறு யாரோ, அவ்வளவுதான். இவன் பள்ளிக்கூடம் போகிறான், கபடி ஆடுகிறான், தெருவில் நல்ல பேரு. அந்தக் கதைக்குள் இவனுக்கு இடமே இல்லை.

நமது விழிப்புணர்வுக் கதைகள் முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகின்றன. முதல் நாளை மட்டும் யாரும் எழுதுவதில்லை. 'கெட்ட சகவாசம்' என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் முதல்முறை பாக்கெட்டை நீட்டுகிறவன் பெரும்பாலும் நல்ல சிநேகிதன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன், காய்ச்சல் என்றால் வீடு தேடி வருகிறவன். அவனிடம் 'வேண்டாம்டா' என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் எங்கே போய் உட்காருவது? பதினைந்து வயதுக்காரனின் நிஜமான பிரச்சினை இதுதான். நாடகத்தில் இது ஒரு நிமிடம்கூட வரவில்லை.

சினிமாவும் இந்த இடத்தைத் தவறவிடுகிறது. 'கைதி'யில் 900 கிலோ சரக்கு, 'விக்ர'மில் கண்டெய்னர் கண்டெய்னராகத் தேடல். போதை என்றால் துப்பாக்கி வைத்திருக்கும் வில்லனின் தொழில் என்றே மனதில் பதிகிறது. குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013இலிருந்து தடை இருக்கிறது. ஆனாலும் பையனின் சட்டைப் பையில் இருக்கும் சின்ன பாக்கெட் எந்தத் திரைக்கதையிலும் ஏறுவதில்லை.

இந்த வகை எழுத்துக்கு நம்மிடம் பழைய முன்னோடி உண்டு. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். துணைக்கு இருந்தவர் கல்கி. உபதேசம் அதிலும் இருந்தது. ஆனால் பத்திரிகைக்குப் பின்னால் ஓர் ஆசிரமம் இருந்தது. அதே ஊரில் தங்கி, நூற்பும் கதருமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். சொல்கிறவன் மறுநாளும் அங்கேயே இருந்தான். 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். தப்பில்லை. மறுநாள் யார் வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

வெளியுலகமும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1983இல் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடைப் போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து பாடம் எடுப்பார். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. தொண்ணூறுகளில் ஆய்வு செய்து பார்த்தால், படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பணம் கொடுத்தது. பிள்ளைகள் ராத்திரி வெளியே சுற்றும் நேரத்தைக் குறைத்தது, பெற்றோரையும் கூட்டுச் சேர்த்தது. முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்ன 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். அவர்கள் முதலில் மாற்றியது பிள்ளைகளின் சாயங்காலத்தை.

அப்படியானால் நாடகமே வேண்டாமா? வேண்டும். ஆனால் சாவில் முடிக்க வேண்டாம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால், பார்வையாளரே ஆட்டத்தை நிறுத்தி, உள்ளே வந்து நடிக்கிற ஒரு வடிவத்தை உருவாக்கினார். சிநேகிதன் பாக்கெட்டை நீட்டுகிற இடத்தில் நம் நாடகத்தையும் நிறுத்தலாம். "டேய், நீ இருந்தா என்ன சொல்லுவ?" என்று என் பக்கத்தில் நின்றவனை உள்ளே கூப்பிடலாம். அவன் தடுமாறுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்போதுதான் அது அவனுடைய கதையாகும்.

அன்று நாடகம் முடிந்ததும் பறைகளை வேனில் ஏற்றினார்கள். அந்தப் பையன் ஒரு பறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடப் போனான். அதில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, வாராவாரம் சனிக்கிழமை வந்து யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.